நுண்ணுயிரும் மூச்சுக்காற்றும்



வேலணையிலிருந்து வாணர் தாம்போதி வழியே கடலைக் கடந்து புங்குடுதீவை அடைவோரை முதலில் எதிர்கொள்ளும் ஊர் மடத்துவெளி. என் இளமைப் பருவம் அவ்வூரிலே கழிந்தது. ஆழங் குறைந்த கடல், வெண்மணல், வானளாவிய பனைகள் ஆகிய இவற்றை விட்டால் அங்கே வருணிப்பதற்கு அதிகம் இல்லை. பாளை சீவும் காலத்தில் சீவல் தொழிலாளர் காலையும் மாலையும் மரமேறி முட்டிகளை இறக்குவர். உட்புறம் சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்குவது கருப்பநீர். சுண்ணாம்பு இடாத முட்டியில் இறங்குவது கள். கள்ளைப் பற்றி வானொலியிற் பேசலாமா என்று முகஞ்சுளிக்கும் நேயர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நான் பேசப் புகுவது குடிக்குங் கள்ளைப் பற்றியன்று. குடிப்பதற்கு உதவாதபடி புளித்துப்போன கள்ளைப் பற்றியே.

எங்கள் பாட்டியார் அச்சாறு போடுவதற்கு வேண்டிய வினாகிரியைக் கடையில் வாங்கியதில்லை. வாயகன்ற மட்பானை ஒன்றிற் கள்ளை ஊற்றி, மெல்லிய துணியால் வேடு கட்டி, அடுக்களையின் ஒரு மூலையில் வைத்துவிடுவார். சில நாட்களில் கள்ளின் மேற்பரப்பிலே பாலாடை போன்ற ஓர் ஏடு படரும். பின்னர் வாரக்கணக்காக அது அப்படியே கிடக்கும். அந்தப் பானையின் அருகே நாங்கள் ஓடியாடி விளையாடினால் பாட்டியார் அதட்டுவார்: "பானையை ஆட்டாதே, ஏடு தாழ்ந்தால் புளிப்பு ஏறாது."

பல ஆண்டுகளின் பின், நொதித்தல் தொழிலைப் பயில நான் சென்ற இடத்திலே மூன்று ஆள் உயரமான உருக்குத் தொட்டி ஒன்று நின்றது. அதனுள்ளும் வினாகிரியே விளைந்துகொண்டிருந்தது. ஆனால் தொட்டியின் நடுவே ஒரு தண்டு இரவு பகலாகச் சுழன்று, உள்ளிருந்த திரவத்தை ஒரு கணமும் ஓயவிடாது கலக்கிக்கொண்டே இருந்தது. எமக்குப் பயிற்சி அளித்தவர் முதல்நாளிற் சொன்ன முதல் வார்த்தை, "அந்தத் தண்டு நின்றால் எல்லாம் போயிற்று" என்பதே. ஒருவர் ஆட்டாதே என்கிறார். மற்றவர் ஆட்டுவதை நிறுத்தாதே என்கிறார். விளைபொருளோ ஒன்று. இவ்விரு கூற்றுகளும் உண்மையாதல் எங்ஙனம்?

இதனை இப்போது எடுத்துப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. கனடாவிற் குடியேறி வாழும் எம்மூரவர் ஒருவர், தாம் சேர்த்த பொருளிற் கணிசமான பங்கை முதலாக இட்டு, மடத்துவெளியில் ஒரு வினாகிரித் தொழிலகம் அமைக்க எண்ணி, அத்தகைய உருக்குத் தொட்டியொன்றை வாங்கலாமா என்று என்னிடம் வினவினார். போருக்குப் பின் திரும்பி வந்த குடும்பங்கள் சிலவற்றுக்காவது தொழில் கிடைக்கும் என்பது அவர் நோக்கம். அவருக்கு நான் என்ன விடை கூறினேன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன் நீருக்கும் காற்றுக்கும் உள்ள உறவைச் சற்று ஆராய வேண்டும்.

ஒட்சிசன் என்னும் பிராணவாயு நீரிற் கரைவது மிகமிக அரிது. நமது நாட்டு வெப்பநிலையாகிய 30 பாகை செல்சியசிலே, காற்றோடு நன்கு கலந்த ஒரு லீற்றர் நீரில் அடங்கும் ஒட்சிசன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். அதே ஒரு லீற்றர் அளவு காற்றிலோ ஏறத்தாழ 270 மில்லிகிராம் உண்டு. நாம் மூச்செடுக்கும் காற்றிலே ஏறத்தாழ முப்பத்தாறு மடங்கு செல்வம் இருக்க, நீருக்குள் வாழும் உயிர்கள் வறுமையிற் பிறந்தவை என்றே சொல்லவேண்டும். கோடையிலே குளம் வற்றுங்காலத்தில், விடியற்பொழுதில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அவற்றுக்குப் பசியன்று, மூச்சுத் திணறல்.

இனி, பாட்டியாரின் பானைக்கு வருவோம். கள்ளில் உள்ள அற்ககோல், ஒட்சிசனோடு சேர்ந்து அசற்றிக்கமிலமாக மாறுவதே வினாகிரி. இம்மாற்றத்தைச் செய்வன ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினவான பற்றீரியாக்கள். நூற்றுக்கு ஐந்து பங்கு அற்ககோல் கொண்ட ஒரு லீற்றர் கள்ளிலே அற்ககோல் ஏறத்தாழ 40 கிராம் இருக்கும். அதனை முற்றாக வினாகிரியாக்க வேண்டும் ஒட்சிசன் ஏறத்தாழ 28 கிராம். அந்த லீற்றரோ ஒரு தடவையில் 7.5 மில்லிகிராமையே தன்னகத்து வைத்திருக்க வல்லது. அஃதாவது, அந்தச் சிறு பாத்திரம் வெறுமையாகி வெறுமையாகி மீண்டும் ஏறத்தாழ 3,700 தடவை நிரப்பப்பட வேண்டும். சர்க்கரை முதலிய உணவை ஒரே முறையில் வேண்டியமட்டும் கரைத்து வைத்துவிடலாம். மூச்சை அவ்வாறு சேமித்து வைக்க இயலாது. அதனை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நுண்ணுயிர்களைக் கொண்டு நடத்தும் தொழில்களின் அடிப்படைத் துன்பம் இதுவே.

காற்று மேலே இருக்கிறதே, அது மெல்ல மெல்ல உள்ளே இறங்காதா என்று கேட்கலாம். இறங்கும். ஆயின் அசைவே இல்லாத நீரில் ஒட்சிசன் பரவும் வேகம் நத்தையையும் நாணச் செய்வது. ஒரு சென்ரிமீற்றர் ஆழம் பரவுவதற்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடிக்கும். ஆழம் பத்து மடங்காயின் காலம் நூறு மடங்காகும். பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஏறத்தாழ இருபத்தைந்து நாட்களாகும். ஆதலினாலேதான் வினாகிரிப் பற்றீரியாக்கள் பானையின் மேற்பரப்பில் ஏடாகப் படிந்து மிதக்கின்றன. காற்று உள்ள இடத்துக்கு அவை தாமே குடியேறிவிட்டன. பானையை ஆட்டினால் ஏடு கிழிந்து அடியில் ஆழ்கிறது; அங்கே மூச்சின்றி முடங்குகிறது; புதிய ஏடு படியும்வரை புளிப்பு ஏறுவதில்லை. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1867ஆம் ஆண்டிலே ஆர்லேயன்ஸ் நகரத்து வினாகிரி உற்பத்தியாளர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவில், ஏட்டைப் பேணவேண்டியதன் இன்றியமையாமையை விரிவாக எடுத்துரைத்தார். பாட்டியாருக்குப் பாஸ்டரைத் தெரியாது. ஆயினும் இருவர் கூற்றும் ஒன்றே.

மேற்பரப்பை நம்பி வாழ்வது பாதுகாப்பான வாழ்வு. ஆனால் மிக மெதுவானது. அடுக்களைக்கு அது போதும். உலகுக்கு அது போதாதென்பதை ஒரு துயர நிகழ்ச்சி காட்டிற்று.

அலெக்சாண்டர் பிளெமிங் 1928இற் கண்ட பெனிசிலின் என்னும் மருந்தை, ஒக்ஸ்போர்டிலே புளோரி, செயின், ஹீற்லி முதலியோர் 1940ஆம் ஆண்டளவிற் பிரித்தெடுத்தனர். அதைத் தரும் பூஞ்சணமும் மூச்சுக்காக மேற்பரப்பிலே படர்வது. ஆகவே ஓரிரு சென்ரிமீற்றர் ஆழத்துக்குமேல் திரவத்தை ஊற்றிப் பயனில்லை. போர்க்காலத் தட்டுப்பாட்டினிடையே நோயாளர் படுக்கையிற் பயன்படுத்தும் மலச்சட்டிகளைக்கூட அவர்கள் பூஞ்சணம் வளர்க்கும் பாத்திரங்களாகக் கொண்டனர். 1941 பெப்ரவரியிலே அல்பேட் அலெக்சாண்டர் என்னும் காவற்படையாளருக்கு இம்மருந்து ஏற்றப்பட்டது. நச்சுக்காய்ச்சலால் முகமெல்லாம் சீழ்கொண்டு சாகக் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து உணவு கொண்டார். ஆனால் மருந்து தீர்ந்துபோயிற்று. அவர் சிறுநீரிற் கழிந்த பெனிசிலினையும் மீட்டெடுத்து மீண்டும் ஏற்றினர், அதுவும் தீர்ந்தது. மார்ச்சு மாதம் அவர் மாண்டார். மருந்து பொய்க்கவில்லை. பாத்திரங்களின் மேற்பரப்புப் போதவில்லை.

வழி அமெரிக்காவிற் பிறந்தது. பியோரியா நகரத்து அரசினர் ஆய்வுகூடத்திலே, திரவத்துள் மூழ்கியும் நன்கு வளரக்கூடிய பூஞ்சண வகையைத் தேடினர். 1943இலே அந்நகரில் கிடைத்த ஓர் அழுகிய முலாம்பழத்தில் அது கிட்டிற்று. 1944 மார்ச்சு முதலாந் தேதி, புரூக்ளினிற் பழைய பனிக்கட்டித் தொழிற்சாலை ஒன்றிலே பைசர் நிறுவனத்தார் பதினான்கு ஆழ்தொட்டிகளை இயக்கத் தொடங்கினர். ஒவ்வொன்றும் 7,500 கலன் கொள்வது. நமது கணக்கில் ஏறத்தாழ 28,000 லீற்றர். அத்தொட்டிகளுள் ஒன்றின் திரவத்தை மட்டும் இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்திற் பரப்பி வைப்பதாயின் யாழ்ப்பாணக் கணக்கில் ஐந்தரைப் பரப்புக் காணி வேண்டும். ஐந்தரைப் பரப்பை ஓர் அறையின் மூலைக்குள் அடக்கிய மாயம் எது? அடியிலிருந்து காற்றை ஊதியதும், நடுவே கலக்கியைச் சுழற்றியதுமே.

ஊதுதல் மட்டும் போதாதா என்ற ஐயம் எழுவது இயல்பு. இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லீற்றர் காற்றை ஒரே குமிழியாக நீருக்குள் விட்டால் அதன் விட்டம் பன்னிரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். நீரோடு அது தொடும் பரப்பு ஒரு சிறு கைக்குட்டை அளவினது. அதே காற்றை இரண்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள குமிழிகளாக உடைத்தால் இரண்டு இலட்சத்து நாற்பதினாயிரம் வரையான குமிழிகள் கிடைக்கும். அவற்றின் பரப்போ மூன்று சதுர மீற்றர், ஒருவர் பாய் விரித்துப் படுக்கும் இடத்திலும் மிகுதி. அறுபது மடங்குக்கு மேற்பட்ட வாயில்களை ஒட்சிசனுக்குத் திறந்து வைத்துவிட்டோம். பெருங் குமிழி விரைந்து மேலெழுந்து வெளியேறிவிடும். சிறு குமிழி தயங்கித் தயங்கி ஏறும். ஆதலால் வாயிலும் பெருகுகிறது, தங்கும் நேரமும் நீள்கிறது.

ஒவ்வொரு குமிழியையும் சூழ்ந்து, அசையாத நீர்ப்படலம் ஒன்று தோல்போற் போர்த்திருக்கிறது எனக் கொள்வர். இக்கருத்தை 1923இலே விற்மன் என்பார் தெளிவாக வகுத்தார். ஒட்சிசன் அந்தத் தோலை நாம் முன்னர்க் கூறிய நத்தை வேகத்திலேதான் கடக்க வேண்டும். கலக்குவதால் அத்தோல் மெலிகிறது, வழி குறுகுகிறது. பிறகு, அப்படிக் கடந்து வந்த ஒட்சிசனைத் தொட்டியின் மூலைமுடுக்கெங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதே கலக்கியின் பணி. குமிழியை உடைப்பது, தோலை மெலிப்பது, வந்ததைப் பங்கிடுவது என ஒரு தண்டுக்கு இத்தனை வேலை.

மோர் கடையும் மத்தை நினைத்துக்கொண்டு இந்தக் கலக்கியை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வேற்றுமையையும் குறித்துக்கொள்ள வேண்டும். மத்தைக் கயிற்றாற் கடைபவர் வலமும் இடமுமாக மாறிமாறி இழுக்கிறார். அதனால் மோர் ஒரே திசையிற் சுழல்வதில்லை. ஒவ்வோர் இழுப்பிலும் எதிர்த்துப் புரள்கிறது. மின்மோட்டர் பூட்டிய தண்டோ ஒரே திசையிற் சுழல்வது. வெறுந் தொட்டியில் அதனைச் சுழலவிட்டால் திரவம் முழுவதும் ஒருமித்துச் சுழன்று, நடுவே குழி விழுமேயன்றிக் கலத்தல் நிகழாது. ஆகவே தொட்டியின் உட்சுவரிலே நான்கு தடுப்புத் தகடுகளை நிமிர்த்திப் பொருத்துகின்றனர். ஒவ்வொன்றின் அகலமும் பெரும்பாலும் தொட்டியின் விட்டத்திற் பத்தில் ஒரு பங்கு. சுழன்று வரும் நீர் அதில் மோதி மேலும் கீழுமாகத் திரும்புகிறது. கயிறு இழுப்பவரின் இடக்கை செய்த வேலையை அத்தகடுகள் செய்கின்றன என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

தண்டிலே பூட்டப்படுவது பெரும்பாலும் வட்டத் தட்டு ஒன்றின் விளிம்பில் ஆறு தட்டையான அலகுகள் நிற்கும் சுழலி. இதனை அமெரிக்கப் பொறியியலாளர் ரஷ்டனின் பெயரால் வழங்குவர். அவரும் அவர்தம் துணைவரும் 1950இலே வெளியிட்ட அளவீடுகள் இத்துறைக்கு அடிப்படையாயின. காற்று நேரே மேலெழுந்து தப்பிவிடாதவாறு வட்டத்தட்டு தடுக்கிறது. அலகுகளின் பின்புறச் சுழிகளில் அகப்பட்ட காற்று நுண்குமிழிகளாகச் சிதறுகிறது. ஆயினும் எதற்கும் ஓர் எல்லை உண்டு. அளவுக்கு மிஞ்சிக் காற்றை ஊதினால் சுழலி காற்றுக்குள் மூழ்கிப்போகும், அலகுகள் நீரைத் தள்ளாமல் காற்றையே துழாவும், குமிழிகள் உடையாது.

வேகத்தைக் கூட்டினால் என்ன என்று எண்ணுவோரை மின்கட்டணச் சீட்டு அடக்கிவிடும். சுழலும் வேகத்தை இரட்டித்தால் அதற்கு வேண்டும் வலு எட்டு மடங்காகிறது. எட்டு மடங்கு வலுவைச் செலவிட்டும் ஒட்சிசன் வரவு எட்டு மடங்காவதில்லை. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மடங்கே. செலவிட்ட வலுவெல்லாம் ஈற்றில் வெப்பமாகித் திரவத்தைச் சூடாக்குகிறது. சூடேறிய நீரில் ஒட்சிசன் இன்னும் குறைவாகவே கரைகிறது.

கடலோரத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு செய்தி சுவையாயிருக்கும். கிணற்று நீரைக் கலக்கினால் தோன்றும் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்து உடனே மறைந்துவிடுகின்றன. தாம்போதியில் அலை மோதுமிடத்துக் குமிழிகளோ நுண்ணியனவாய்ச் சற்று நேரம் நிலைத்து வெண்மையாகத் தோன்றுகின்றன. நீரிற் கரைந்த உப்புக் குமிழிகள் ஒன்றாவதைத் தடுக்கிறது. உப்பு நீரில் ஒட்சிசன் கரைவது குறைவேயாயினும், குமிழிகள் சிறுத்திருப்பதாற் பரப்பு மிகுந்து அக்குறை ஈடாவதுண்டு. ஆகவே வெறும் நீரில் அளந்து பெற்ற எண்ணை நம்பி, உப்புகள் கரைந்த வளர்ப்புத் திரவத்தைக் கணிப்பவர் ஏமாறுவர்.

இதற்கு நேர்மாறானது பெனிசிலின் தொட்டியின் நிலை. பூஞ்சணத்தின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் படர, சில நாட்களில் அத்திரவம் நம்மூர் ஒடியற்கூழ்போற் தடித்துவிடும். கொதிக்கும் கூழிலே குமிழிகள் எவ்வாறு எழுகின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். பெரிதாகத் திரண்டு, ஒரே வழியிற் கிளம்பி, மேலே வந்து 'பொத்'தென்று வெடித்துப் போகின்றன; பக்கத்திலிருக்கும் கூழ் அசைவதே இல்லை. தடித்த வளர்ப்பிலும் இதுவே நடக்கிறது. சுழலியின் அருகே காற்று உண்டு, சுவரோரத்திற் பஞ்சம். கடுமையாகக் கலக்கினால் இழைகள் அறுபட்டு விளைவு குன்றும். மென்மையாகக் கலக்கினால் மூச்சு முட்டும். நுரை பொங்கி வழியாதிருக்க எண்ணெய் ஊற்றினாலோ, அவ்வெண்ணெய் குமிழிகளை ஒன்றாக்கிப் பருக்கச் செய்கிறது.

தொட்டியைப் பெரிதாக்குவதும் எளிதன்று. ஆய்வுகூடத்துச் சிறு பாத்திரத்தில் ஒரு துளி சாயம் எங்கும் பரவ ஓரிரு நொடி போதும். ஓரிலட்சம் லீற்றர்த் தொட்டியில் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். நுண்ணுயிர்கள் அடர்ந்த வளர்ப்பிலே கரைந்திருக்கும் ஒட்சிசன் முழுவதும் பத்து நொடியிற் கூடத் தீர்ந்துவிடும். ஆகவே பெருந்தொட்டியின் உள்ளே சுற்றிவரும் ஓர் உயிரணு, சுழலியருகே மூச்செடுத்து, அப்பாற் சென்று அடக்கிப்பிடித்து, மீண்டும் வந்து மூச்செடுக்கிறது. முத்துக் குளிப்பவனின் வாழ்க்கைதான்.

உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது, அளந்துதான் அறியவேண்டும். ஐம்பதுகளின் நடுவில் லீலன்ட் கிளார்க் அமைத்த ஒட்சிசன் மின்வாய் இதற்கு வழிவகுத்தது. அத்தகைய கருவியைக் கொண்டு, வளர்ப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மூச்சு வரவையும் செலவையும் அளக்கும் முறையொன்றை 1967இலே பந்தியோபாத்யாய், ஹம்பிரி, தாகுச்சி என்னும் மூவர் வெளியிட்டனர். முறை மிக எளியது. காற்றைச் சிறிது நேரம் நிறுத்துக. ஒட்சிசன் அளவு இறங்கும் வேகம் நுண்ணுயிர்களின் செலவைச் சொல்லும். மீண்டும் காற்றை விடுக. அது ஏறும் வேகம் தொட்டியின் வரவைச் சொல்லும். அபாய எல்லையைத் தொடுமுன் காற்றைத் திறந்துவிட வேண்டும் என்பதே அதிலுள்ள சூட்சுமம்.

இந்தியாவிலே உலக சுகாதார நிறுவனம், ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் ஆகியவற்றின் உதவியோடு 1954இற் பூனாவை அடுத்த பிம்பிரியில் இந்துஸ்தான் அன்ரிபயோற்றிக்ஸ் என்னும் அரசினர் நிறுவனம் தோன்றியபோது, பெனிசிலின் மட்டுமன்றி இக்கலையும் நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் ஐதராபாத்திலே சாந்தா நிறுவனத்தார் 1997இல் ஈரல் அழற்சித் தடுப்பூசியையும், பெங்களூரில் பயோகொன் நிறுவனத்தார் 2004இல் இன்சுலினையும் ஒருவகை மதுவத்தைக் கொண்டு உண்டாக்கினர். அம்மதுவம் ஒட்சிசனுக்குப் பெரும் பசி உடையது. சலரோகத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளும் நேயர்கள் எத்தனையோ பேர், ஒரு சுழலியின் உழைப்பை நாள்தோறும் தம் உடலில் ஏற்றிக்கொள்கின்றனர்.

இனி, நான் பயிற்சி பெற்ற அந்த வினாகிரித் தொட்டிக்குத் திரும்புவோம். ஏட்டை விட்டொழித்து, பற்றீரியாக்களைத் திரவம் முழுதும் பரவவிட்டு வினாகிரி செய்யும் இம்முறையை ஒஸ்திரியாவிலே ஹுரொமாற்கா, எப்னர் என்னும் இருவர் 1949இல் வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்த தொட்டிகளில், அடியிற் சுழலும் சுழலி தானே மேலிருந்து காற்றை உறிஞ்சி நுண்குமிழிகளாகச் சிதறடிக்கும். பாட்டியாரின் பானையில் வாரக்கணக்கில் நடப்பது அங்கே ஒருநாள் அளவில் முடிகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஏட்டிலே கிடக்கும் பற்றீரியா, யார் உறங்கினாலும் காற்றைத் தானே பெறுகிறது. மூழ்கிக் கிடக்கும் பற்றீரியாவோ, அடர்ந்த அமிலத்தின் நடுவே, வரும் மூச்சின் வலிமையால் மட்டுமே உயிர்தாங்கி நிற்கிறது. அமிலம் மிகுந்த நிலையில் ஒரு நிமிடத்துக்கும் குறைந்த தடைகூடப் பெருஞ்சேதம் விளைக்கும் என்பதை அவ்விருவரே ஆராய்ந்து காட்டினர்.

நான் அதனைக் கண்ணாரக் கண்டேன். ஓர் இரவு, தொழிலகத்தின் பெயர் வேண்டாம், மின்சாரம் தடைப்பட்டது. மாற்று மின்னாக்கி தொடக்கத்திலே சண்டித்தனம் செய்தது. அது எழுந்து இயங்க நான்கு நிமிடம் பிடித்தது. தண்டு மீண்டும் சுழன்றது. குமிழிகள் முன்போலவே எழுந்தன. பார்வைக்கு யாதொரு குறையும் இல்லை. ஆயின் ஒட்சிசன் அளவியின் எண் மேலே மேலே ஏறி, நிறைவளவில் நின்றுவிட்டது. புதிதாய்ச் சேர்ந்த நான், காற்று நன்றாகக் கரைகிறது என்று மகிழ்ந்தேன். பக்கத்தில் நின்ற முதிய தொழிலாளி தலையை அசைத்தார். "தம்பி, சாப்பிட ஆள் இருந்தால் சோறு மிஞ்சுமா?" என்றார். ஒட்சிசனை உண்பதற்கு உள்ளே உயிர் இல்லை. தொட்டி முழுவதையும் கழுவி, வேறொரு தொட்டியிலிருந்து விதை எடுத்து, மறுபடி வளர்த்தெடுக்கப் பல நாட்கள் சென்றன.

கனடாவிலிருந்து வினவிய நண்பருக்கு நான் எழுதிய மறுமொழியில் இக்கதையை முதலில் எழுதினேன். அடுத்து, ஒரு லீற்றர் கள்ளின் அற்ககோல் முழுவதும் வினாகிரியாகும்போது வெளிப்படும் வெப்பம் அத்திரவத்தையே கொதிக்க வைக்கப் போதுமானது என்பதையும் எழுதினேன். உருக்குத் தொட்டி அவ்வளவையும் ஒரு நாளிற் கக்குவதால், அதைச் சூழக் குளிர்நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். புங்குடுதீவிலே நல்ல தண்ணீரின் அருமையை அவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மின்சாரத்தை ஒரு கணமும் தவறாமலும், நன்னீரை ஓயாமலும் கேட்கும் ஒரு விருந்தாளியை அத்தீவுக்கு அழைப்பது உசிதமன்று.

பானைக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. 1823இலே ஜெர்மனியிற் சூட்சென்பாக் என்பவர் வகுத்தது. உயரமான மரப்பீப்பா ஒன்றினுள்ளே மரச்சீவல்களை நிரப்பி, மேலிருந்து புளித்த மதுவைத் துளித்துளியாக ஒழுகவிடுவர். பற்றீரியாக்கள் சீவல்களின்மீது படிந்து வாழும். இங்கே காற்றை நீருக்குள் இறக்குவதில்லை. நீரை மெல்லிய தோலாகப் பரப்பிக் காற்றின் நடுவே இறக்குகிறார்கள். பீப்பாவின் அடியிலே துளைகள் உண்டு. உள்ளே எழும் சூட்டினால் காற்று இலேசாகி மேலே செல்ல, குளிர்ந்த காற்று அத்துளைகள் வழியே தானாகப் புகுகிறது. ஊதவேண்டியதில்லை, கலக்கவேண்டியதில்லை. கீழே சேர்ந்ததை மேலே ஏற்ற ஒரு சிறு பம்பு போதும். மின்சாரம் இல்லாத வேளையிற் கையாலும் ஏற்றலாம். தடை நேர்ந்தாலும் சீவல்களின் இடைவெளியில் காற்று நிற்கும். உயிர்கள் சில மணிநேரம் தாக்குப்பிடிக்கும்.

இதிலும் குறைகள் உள. வேகம் தொட்டியினும் குறைவு. அற்ககோலின் ஒரு பகுதி ஆவியாகிப் போகும். நாளடைவிற் சீவல்களிற் பசை படிந்து காற்றுவழி அடைபடும். பீப்பாவைப் பெரிதாக்கினால் நடுப்பகுதி சூடேறிப் பற்றீரியாக்கள் வாடும். ஆதலால் ஒரு பெரிய பீப்பாவினும் பல சிறு பீப்பாக்கள் நன்று என எழுதினேன். மரச்சீவலுக்குப் பதிலாகச் சிரட்டைத் துண்டுகளை இட்டுப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். முதலில் ஒரே ஒரு பீப்பாவை அமைத்து, ஒரு சீவற்காலம் முழுவதும் நடத்தி, நாள்தோறும் அமிலத்தையும் வெப்பத்தையும் குறித்து வைத்துப் பார்த்த பின்னரே அடுத்ததற்குப் பணம் இறக்கவேண்டும் என்றும் குறிப்பிட்டேன்.

அவர் அதற்கு இணங்கியிருக்கிறார். சென்ற கிழமை வந்த கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: சோளகக் காற்று கடுமையாக வீசும் மாதங்களில், பீப்பாவின் அடித்துளைகளை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது? காற்று நேரே மோதினால் உள்ளே உள்ள சூடு கலைந்து இழுப்புக் கெடும். ஆகவே கடற்புறத்தை விட்டு, வேலி மறைவில் வடக்கு நோக்கி வைக்குமாறு எழுதியிருக்கிறேன்.